பிள்ளைகளுக்குக் கொடுத்த பணமும் மெடிக்கெய்ட் முதியோர் பராமரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அப்பா அம்மாவுக்கு வயதாகிக்கொண்டே போகிற தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. தமிழ்ச் சங்க விழாவிலும் கோயில் சாப்பாட்டுக் கூடத்திலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். வேறு வருஷம் குறிப்பிடாத இடங்களில் தொகைகள் 2025-ஆம் ஆண்டுக்கானவை. மெடிக்கெய்ட் மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து நடத்தும் திட்டம் என்பதால் அடிப்படை விதி ஒன்றாக இருந்தாலும் நுணுக்கங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அம்மாவுக்கு மெடிகேர் இருக்கே, நர்ஸிங் ஹோம் செலவை அது பார்த்துக்காதா?

பார்த்துக்கொள்ளாது. மெடிகேர் என்பது முதியவர்களுக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடு, வைத்தியச் செலவுக்கானது. குறைந்தது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்துவிட்டு, பிசியோதெரபி மாதிரியான சிகிச்சைக்காக நர்ஸிங் ஹோமுக்குப் போனால் அதிகபட்சம் 100 நாள் வரை கொடுக்கும். அதிலும் முதல் 20 நாளுக்குத்தான் முழுச் செலவும். 21-ஆம் நாளிலிருந்து தினமும் 209.50 டாலர் நாம் கட்ட வேண்டும். சிகிச்சை தேவையில்லை என்று ஆகிவிட்டால் 100 நாளுக்கு முன்பே நின்றுவிடும்.

குளிப்பாட்ட, உடை மாற்ற, ஊட்டிவிட, ராத்திரியில் எழுந்து நடந்தால் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதை மெடிகேர் வைத்தியமாக எடுத்துக்கொள்வதில்லை. டிமென்ஷியா வந்தவர்களுக்கு வேண்டியதே அதுதான். பெரும்பாலானவர்களுக்கு அந்தச் செலவை வருஷக்கணக்கில் ஏற்கும் அரசுத் திட்டம் மெடிக்கெய்ட் மட்டுமே. அது வசதி இல்லாதவர்களுக்கான திட்டம், அதனால் வருமானத்தோடு சொத்தையும் பார்ப்பார்கள்.

கையில எவ்வளவு இருந்தா மெடிக்கெய்ட் கொடுப்பாங்க?

நியூஜெர்சி, டெக்சாஸ், புளோரிடா உட்படப் பல மாநிலங்களில், தனியாக இருப்பவரின் பெயரில் கணக்கில் வரும் சொத்து 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. இல்லினாயில் 17,500. நியூயார்க்கில் 32,396. கலிபோர்னியா 2024, 2025 இரண்டு வருஷமும் சொத்தைப் பார்க்கவே இல்லை. 2026 ஜனவரி முதல் 1,30,000 டாலர் என்று மறுபடியும் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

பேங்க் இருப்பு, பங்குகள், இரண்டாவது வீடு எல்லாம் கணக்கில் வரும். குடியிருக்கும் வீடு (அதன் மதிப்புக்கு ஒரு வரம்பு உண்டு), ஒரு கார், வீட்டுச் சாமான், உடுத்துகிற பொருள்கள் வராது. கணவன் மனைவி இருவரும் இருந்தால் கணக்கு வேறு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அப்போ பணத்தை எங்க பேருக்கு மாத்திட்டு அப்புறம் அப்ளை பண்ணினா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அதற்குத்தான் லுக்பேக் என்ற விதி இருக்கிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 60 மாதம், அதாவது ஐந்து வருஷம் பின்னோக்கிப் போய், சும்மா கொடுத்தது, பாதி விலைக்கு விற்றது எல்லாவற்றையும் பார்ப்பார்கள். முன்பு பெரும்பாலான மாற்றங்களுக்கு 36 மாதமாக இருந்தது. 2006 பிப்ரவரியில் கையெழுத்தான சட்டம் அதை 60 ஆக்கியது. கலிபோர்னியாவில் மட்டும் 30 மாதம்.

விண்ணப்பத்தோடு ஐந்து வருஷ பேங்க் ஸ்டேட்மெண்டும் கேட்பார்கள். வழக்கத்துக்கு மாறான ஒவ்வொரு செக்கையும் காட்டி, இது யாருக்கு, எதற்கு என்று கேட்பார்கள். பெற்றோரின் ஸ்டேட்மெண்ட்களை இன்றிலிருந்தே வருஷவாரியாகச் சேர்த்து வையுங்கள். பழைய கணக்கை மூடியிருந்தால் அதனுடையதும் வேண்டும்.

பெனால்டின்னு சொல்றாங்களே, அது அபராதமா?

பணமாகக் கட்டும் அபராதம் இல்லை. இத்தனை மாதம் நர்ஸிங் ஹோம் செலவைத் தரமாட்டோம் என்பதுதான் பெனால்டி. கொடுத்த மொத்தத் தொகையை, அந்த மாநிலத்தில் நர்ஸிங் ஹோமுக்கு மாதம் ஆகும் சராசரிச் செலவால் வகுப்பார்கள். அந்தச் சராசரி 10,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா 1,20,000 கொடுத்திருந்தால் 12 மாதம். இத்தனை மாதத்துக்கு மேல் போகாது என்ற உச்சவரம்பு கிடையாது.

அந்த 12 மாதம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பணம் கொடுத்த நாளிலிருந்து தொடங்கும் என்று நினைக்கிறார்கள். 2006-க்கு முன்பு ஏறக்குறைய அப்படித்தான். இப்போது அப்பா நர்ஸிங் ஹோம் அளவிலான பராமரிப்பு தேவைப்படும் நிலைக்கு வந்து, கையிருப்பும் வரம்புக்குக் கீழே போய், விண்ணப்பமும் போட்ட பிறகுதான் தொடங்கும். அதாவது கையில் காசே இல்லாத நேரத்தில் 12 மாதச் செலவு தலையில் விழும். பெற்றோர் பணத்தைத் தொடுவதற்கு முன் எல்லோரும் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

ஆஸ்பத்திரி, டாக்டர், மருந்துக்கான சாதாரண மெடிக்கெய்டை இந்தப் பெனால்டி பாதிக்காது. நர்ஸிங் ஹோமுக்கும், வீட்டிலேயே அதே அளவு பராமரிப்பு தரும் விசேஷத் திட்டங்களுக்கும்தான்.

வருஷத்துக்கு 19,000 டாலர் யாருக்கு வேணா கொடுக்கலாம்னு எங்க சிபிஏ சொன்னாரே?

உங்கள் சிபிஏ (வரிக் கணக்குப் பார்ப்பவர்) சொன்னது சரி. ஆனால் அவர் சொன்னது வரி விஷயம். ஒருவருக்கு வருஷத்துக்கு 19,000 வரை கொடுத்தால் கிஃப்ட் டாக்ஸ் படிவம் தாக்கல் செய்ய வேண்டாம், அவ்வளவுதான். மெடிக்கெய்ட் அலுவலகத்துக்கு அந்த வரம்போடு சம்பந்தமே இல்லை. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று பேரப்பிள்ளைகள் என்று ஏழு பேருக்குத் தலா 19,000 கொடுத்தால் வரி இல்லை. மெடிக்கெய்ட் கணக்கில் அது 1,33,000 டாலர் தானம். மேலே சொன்ன சராசரிப்படி பதிமூன்று மாதத்துக்கு மேல் பெனால்டி வரும்.

இந்த ஒரு குழப்பம் எத்தனையோ நல்ல குடும்பங்களைச் சிக்கலில் விட்டிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லுங்கள்.

பேத்தி கல்யாணத்துக்குச் செஞ்சதையும் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்ததையுமா கேப்பாங்க?

கேட்பார்கள். வாங்கியது பேத்தியா, கோயிலா, ஊர்ப் பள்ளிக்கூடமா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு வழி உண்டு. மெடிக்கெய்ட் வாங்குவதற்காகக் கொடுக்கவில்லை, முழுக்க வேறு காரணத்துக்காகவே கொடுத்தேன் என்று நிரூபித்தால் பெனால்டி கிடையாது. நிரூபிக்க வேண்டியது நாம்தான்.

அம்மா பத்து வருஷமாக மாதாமாதம் கோயிலுக்கு 101 டாலர் எழுதியிருந்தால், அந்தத் தொடர்ச்சியே நல்ல சாட்சி. கல்யாணத்துக்கு 25,000 கொடுத்தபோது அம்மா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார், காரும் ஓட்டினார் என்று டாக்டர் குறிப்பு இருந்தால் உதவும். அதே 25,000 அல்சைமர் என்று தெரிந்த அடுத்த மாதம் போயிருந்தால் வாதாடுவது கஷ்டம். கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது, செக் நகல் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

நகைக்கும் இதே பார்வைதான். அம்மா போட்டுக்கொள்ளும் தாலிச் சங்கிலி, வளையல், தோடு சொந்த உபயோகப் பொருள். முதலீடாக வாங்கிவைத்த தங்கக் காசும் கட்டியும் சொத்து. அதை மகளிடம் கொடுத்தால் கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஊர்ல தாத்தா வீட்டுல அம்மாவுக்கு இருந்த பங்கைத் தம்பிக்கு விடுதலை எழுதிக் கொடுத்துட்டு வந்தாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது, நம்மவர்கள் இதை எதிர்பார்ப்பதே இல்லை. அம்மா திருச்சிக்குப் போகிறார், மாமா சப்ரிஜிஸ்திரார் ஆபீசுக்குக் கூட்டிப்போகிறார். விரல் ரேகை, போட்டோ, கையெழுத்து முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கூடப் பிறந்தவனிடம் காசு வாங்குவதா என்று ஒன்றும் வாங்குவதில்லை. நம் வழக்கத்தில் அது பாசம். மெடிக்கெய்ட் பார்வையில், விற்றால் காசாகியிருக்கும் சொத்தை விலை வாங்காமல் கொடுத்தது. சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் விதி ஒன்றுதான். பரம்பரைச் சொத்து எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்வதையும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

விடுதலைப் பத்திரமோ தான செட்டில்மெண்டோ, எழுதி ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் கவலை இல்லை. தாண்டாவிட்டால் பத்திர நகல், வில்லங்கச் சான்று, அந்தப் பங்கின் மதிப்பு இவற்றை எடுத்துவைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். பிரிக்காத குடும்பச் சொத்து, வழக்கில் இருக்கிறது, மற்ற பங்காளிகள் சம்மதிக்காமல் விற்க முடியாது என்பது போன்ற நிலைமை மதிப்பைக் குறைக்கும். கையில் எடுக்க முடியாத சொத்து என்றே வாதாடவும் இடம் தரலாம்.

இன்னும் எழுதிக் கொடுக்காமல் அம்மா பேரிலேயே இருந்தால், விண்ணப்பத்தில் அதைக் காட்டியே ஆக வேண்டும். இந்தியாவில் இருப்பது இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் பெனால்டியோடு முடியாது, அது மோசடி வழக்காகலாம்.

வீட்டை என் பேருக்கு எழுதி வாங்கிக்கலாமா?

வீடு குடியிருக்கும்வரை கணக்கில் வராத சொத்து. ஆனால் பிள்ளை பேருக்கு மாற்றினால் அது தானம்தான், ஐந்து வருஷ விதி அதற்கும் பொருந்தும். பெற்றோர் பேரிலேயே இருந்தாலும், 55 வயதுக்கு மேல் வாங்கிய பராமரிப்புச் செலவை அவர்கள் காலத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து மாநிலம் வசூலிக்கலாம். 1993-லிருந்து எல்லா மாநிலங்களுக்கும் இது கட்டாயம்.

சில பேருக்கு மட்டும் பெனால்டி இல்லாமல் வீட்டை மாற்ற சட்டமே அனுமதிக்கிறது. கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குள் இருக்கும் பிள்ளை, பார்வையில்லாத அல்லது மாற்றுத்திறனாளியான எந்த வயதுப் பிள்ளையும், வீட்டில் பங்கு வைத்துக்கொண்டு ஒரு வருஷமாவது அங்கேயே குடியிருந்த சகோதர சகோதரி. நம் குடும்பங்களுக்கு அதிகம் பொருந்துவது ஐந்தாவது வகை. நர்ஸிங் ஹோமுக்குப் போவதற்கு முந்தைய இரண்டு வருஷமாவது பெற்றோரோடு அந்த வீட்டிலேயே இருந்து, தான் பார்த்துக்கொண்டதால்தான் அத்தனை நாள் வீட்டில் வைத்திருக்க முடிந்தது என்று காட்டக்கூடிய மகன் அல்லது மகள். டாக்டர் கடிதமும் அந்த முகவரிக்கு வந்த லைசென்ஸ், வரி ஆவணங்களும் வேண்டும். கவனியுங்கள், வீடு பெற்றோருடையதாக இருக்க வேண்டும். பெற்றோர் உங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தால் இந்த வகைக்குப் பேச்சே இல்லை.

வரியையும் பாருங்கள். 1988-ல் 90,000-க்கு வாங்கிய வீட்டை உயிரோடு இருக்கும்போதே கொடுத்தால், பிள்ளை விற்கும்போது அந்த 90,000-த்திலிருந்துதான் லாபக் கணக்கு. பெற்றோர் காலத்துக்குப் பிறகு வந்தால் அன்றைய சந்தை மதிப்பிலிருந்து கணக்கு. பத்திரத்தை மாற்றிவிட்டுத் தெரிந்துகொண்டு வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்குக் கவலை வேறு ஒன்று. பிள்ளைக்கு விவாகரத்தோ கடனோ வந்தால் அந்த வீடும் அதில் மாட்டும், பெற்றோருக்கு இருக்க இடம் போகும்.

அப்பா வீட்டுல இருக்கார், அம்மாவை மட்டும் சேர்க்கணும். அப்பா ஒண்ணுமில்லாம நிக்கணுமா?

இல்லை. வீட்டில் இருக்கும் துணைக்கு மாநிலத்தைப் பொறுத்து 31,584 டாலரிலிருந்து 1,57,920 டாலர் வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. வீடும் காரும் போக இது. அப்பா வருமானம் அப்பாவுக்கே. அது குறைவாக இருந்தால் அம்மா வருமானத்திலிருந்தும் ஒரு பகுதியை அவருக்கு ஒதுக்குவார்கள். அம்மா அப்பாவுக்கு மாற்றுவதற்குப் பெனால்டி இல்லை.

ஆனால் லுக்பேக்கில் இருவர் கொடுத்ததும் சேரும். அப்பா தன் கணக்கிலிருந்துதானே கொடுத்தார் என்று சொல்லித் தப்ப முடியாது.

அம்மா அக்கவுண்ட்ல என் பேரையும் சேர்த்திருக்கோம். அது கிஃப்டா?

பேரைச் சேர்த்தது மட்டும் கிஃப்ட் இல்லை. நீங்கள் எடுத்து உங்கள் செலவுக்குப் பயன்படுத்தினால் அன்று கிஃப்ட் ஆகும். அதுவரை கணக்கில் இருப்பது முழுக்க அம்மாவுடையது என்றே பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். வீட்டுப் பத்திரத்தில் பேரைச் சேர்ப்பது அப்படியில்லை, அது பங்கை அன்றே கொடுத்தது போல.

வேலையை விட்டுட்டு நான்தான் பார்த்துக்கறேன். அப்பா எனக்கு மாசம் கொடுக்கிறதும் தப்பா?

தப்பே இல்லை. உழைப்புக்கு வாங்கும் கூலி தானம் ஆகாது. ஆனால் காகிதத்தில் இருக்க வேண்டும். என்னென்ன வேலை, வாரம் எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதி, உங்கள் ஊரில் வெளியாள் வாங்கும் அளவுக்குள் கூலி வைத்து, தினக் குறிப்பும் எழுதி, நீங்கள் அதை வருமானமாகக் காட்டி வரியும் கட்ட வேண்டும்.

மூன்று வருஷம் பார்த்தேன், அதற்காக இப்போது மொத்தமாக 60,000 கொடுத்தார் என்றால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். பிள்ளை பாசத்தால் செய்தது என்று எடுத்துக்கொண்டு அந்த 60,000-ஐ தானக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அப்பாவிடம் ஒப்பந்தம் போடுவதா என்று கூச்சப்படுகிறார்கள். அப்பாவின் கையெழுத்து இருந்தால் அது அவருக்கும் பாதுகாப்பு, நாளைக்குக் கேள்வி கேட்கும் அண்ணன் தங்கைக்கும் பதில்.

டிரஸ்ட் போட்டா எல்லாம் சரியாயிடுமா?

எந்த டிரஸ்ட் என்பதைப் பொறுத்தது. எப்போது வேண்டுமானாலும் கலைக்கக்கூடிய லிவிங் டிரஸ்ட் இதற்கு உதவாது. அதிலுள்ளது பெற்றோர் சொத்தாகவே எண்ணப்படும். கலைக்க முடியாத டிரஸ்டில், போட்ட சொத்தைப் பெற்றோர் திரும்ப எடுக்கவே முடியாதபடி எழுதியிருந்தால், ஐந்து வருஷத்துக்குப் பிறகு கணக்கில் வராது. வீட்டை டிரஸ்டில் போட்டாலும் அங்கேயே குடியிருக்கலாம். சரியாக எழுதினால், வீட்டைப் பற்றிய கேள்வியில் சொன்ன, சந்தை மதிப்பிலிருந்து லாபம் கணக்கிடும் வரிச் சலுகையும் போகாது. ஆனால் உண்மையாகவே கையை விட்டுப் போகும் பணம் அது. நல்ல உடம்போடு, வேறு கையிருப்பும் வைத்துக்கொண்டு, தாங்களே விரும்பிப் போடும் பெற்றோருக்குத்தான் பொருத்தம்.

சென்னை வீட்டை வித்து எங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துட்டு கிரீன் கார்டில் வந்திருக்காங்க. இப்ப மெடிக்கெய்ட் கிடைக்குமா?

வீடு விற்ற பணத்தைவிட முதலில் வரும் தடை வேறு. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் ஆகும்வரை அவசர சிகிச்சை தவிர்த்து மத்திய அரசு மெடிக்கெய்ட் பொதுவாகக் கிடையாது. 1996 சட்டம் அது. சில மாநிலங்கள் சொந்தப் பணத்தில் ஏதாவது தரும். ஸ்பான்சராகக் கையெழுத்திட்ட பிள்ளையின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்கவும் சட்டத்தில் இடமுண்டு.

அந்த ஐந்து வருஷம் முடிவதற்குள், வருவதற்கு முன் பிரித்துக் கொடுத்ததும் 60 மாதத்தைத் தாண்டியிருக்கும். வந்த பிறகு கொடுப்பதுதான் சிக்கலாகும்.

ஐம்பது மாசத்துக்கு முன்னாடி 6,00,000 கொடுத்தார். இப்ப ஸ்ட்ரோக். உடனே அப்ளை பண்ணலாமா?

பண்ணாதீர்கள். இன்றே விண்ணப்பித்தால் அந்த 6,00,000 லுக்பேக்குக்குள் வரும். 10,000 சராசரிப்படி 60 மாதப் பெனால்டி இன்றிலிருந்து தொடங்கும். இன்னும் பத்து மாதம் பொறுத்து, மாதம் 10,000 வீதம் கைக்காசு ஒரு லட்சத்தில் சமாளித்து, அறுபது மாதம் முழுசாகத் தாண்டிய பிறகு விண்ணப்பித்தால் பெனால்டியே இல்லை. கையில் இல்லையென்றால், பணம் வாங்கிய பிள்ளைகள்தான் இந்தப் பத்து மாதத்தை ஏற்க வேண்டும்.

நர்ஸிங் ஹோம் அலுவலகத்தில், நாங்களே விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறோம் என்பார்கள். உதவும் எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் ஐந்து வருஷத்துக்குள் பெரிய தொகை ஏதாவது கைமாறியிருந்தால், எல்டர் லா (முதியோர் சட்டம்) வக்கீல் தேதிகளைப் பார்க்கும் முன் எதுவும் போக வேண்டாம்.

நர்ஸிங் ஹோம்காரங்க என்கிட்ட பணம் கேட்க முடியுமா?

பிள்ளை சொந்தப் பொறுப்பில் கியாரண்டி கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று சொல்வது மத்திய சட்டப்படி கூடாது. பொறுப்பாளர் என்று போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்திடும்போது, அப்பாவின் பணத்தை நிர்வகிப்பவர் என்ற முறையில் மட்டும் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

ஆனால் அப்பா பணம் உங்களிடம் வந்திருந்தால் அதைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். சில மாநிலங்களில் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையையே சட்டமாக வைத்திருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தாயின் நர்ஸிங் ஹோம் பாக்கி சுமார் 93,000 டாலரை மகன் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இப்படிக் கொடுத்தது குற்றமா, ஜெயிலா?

கொடுப்பது குற்றமில்லை, கொடுத்ததை மறைப்பதுதான் குற்றம். இந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1996-ல் மெடிக்கெய்டுக்காகச் சொத்து மாற்றுவதைக் குற்றமாக்கினார்கள். எதிர்ப்பு வந்ததும் 1997-ல் முதியவர்களை விட்டுவிட்டு, காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர்கள் மேல் திருப்பினார்கள். 1998-ல் அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரினோ அதை அமல்படுத்த மாட்டோம் என்று அறிவித்தார்.

பெனால்டி போட்டு லெட்டர் வந்துடுச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும். வாங்கியவர்கள் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தால் பெனால்டி நீங்கும். பாதி கொடுத்தால் பாதி குறையுமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. திரும்பி வந்த பணம் பெற்றோர் சொத்தாகிவிடும், அதை அவர்கள் பராமரிப்புக்கே செலவழித்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

திருப்ப முடியாவிட்டால் கஷ்ட விலக்கு கேட்கலாம். பெனால்டியால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து வரும், உணவும் இருப்பிடமும் இல்லாமல் போகும் என்று காட்ட வேண்டும். பணத்தைத் திரும்ப வாங்க முயன்றதற்கான கடிதங்களும் கேட்பார்கள். பெற்றோர் சம்மதித்தால் நர்ஸிங் ஹோமே அவர்கள் சார்பில் இதைக் கேட்கலாம்.

கணக்கிலோ தேதியிலோ தப்பு என்றாலும், கும்பாபிஷேகக் கேள்வியில் சொன்னது மாதிரி வேறு காரணத்துக்காகக் கொடுத்தது என்றாலும் மேல்முறையீடு செய்யலாம். கெடு அந்த லெட்டரிலேயே இருக்கும். எந்த மாநிலத்திலும் 90 நாளுக்கு மேல் இல்லை, சில இடங்களில் சில வாரங்கள்தான். லெட்டர் வந்த உறையைத் தூக்கிப் போடாமல் லெட்டரோடு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்பதற்கு அந்த முத்திரைதான் அத்தாட்சி.